கழுத்துக்குக் கீழே

ஒஷாவா
7 ஏப்ரல் 2025

நிரூ,

உன்ர நம்பரை சனிக்கிழமை வீட்டுக்கு வந்த உடனயே புளொக் பண்ணிப்போட்டன். ஆனால் சொல்ல வேண்டியது வயித்துக்குள்ள கிடந்து எரியுது. அதுதான் கடுதாசி. கடுதாசியில எண்டால் நீ குறுக்க விழுந்து கதைக்க ஏலாது பார்.

படக் கண்காட்சி நடந்த கலரிக்கு வந்தனான். நீ என்னைக் காணேல்லை, இல்லாட்டி கண்டும் காணாத மாதிரி நிண்டனி. இவர் வின்சன்ற் காரை நிப்பாட்ட இடம் தேடிச் சுத்திக்கொண்டு திரிய, நான் உள்ளுக்கு வந்து சாப்பிடப் பற்றிஸ் வைச்ச மேசைக்குப் பக்கத்தில நிண்டனான். சுவரில எங்கட ஆறு படம். மேல பெரிய எழுத்தில ‘முகங்கள்’. ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலயும் ஒரு சின்ன அட்டை. அதில உன்ர பெயர் மட்டும்.

இருபத்திரண்டு வருசம் நிரூ. இந்த ஊரில எத்தினை செத்தவீட்டுக்குக் கீறியிருப்பம்? முப்பத்தோராம் நாளுக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேணும் எண்டு சனம் உன்ர பேஸ்மன்ற்றுக்குத்தானே வந்தது. அவை கொண்டுவாறது ஒரு அடையாள அட்டைப் படம், இல்லாட்டி கலியாணவீட்டு அல்பத்தில வெட்டின தலை. அதைப் பாத்து முகம் நீ கீறுவாய். கழுத்துக்குக் கீழ எனக்கு. சீலை, சங்கிலி, கதிரை, கை. கைக்கு ஒரு படமும் இராது. வீட்டுக்காரருக்கு ரெலிபோன் எடுத்து, அம்மா கதைக்கேக்க கையை என்ன செய்வா, அப்பா எந்தக் கையால பேப்பர் பிடிப்பார் எண்டு கேட்டுக் கேட்டுக் கீறினது நான். அந்த பார்க்டேல் மனுசனின்ர கை, கடைசிவரைக்கும் றெஸ்ரோறன்ற்றில கோப்பை கழுவின கை, அதை ஒரு வெள்ளைக்காரி கிட்டப் போய் நிண்டு பாத்துக்கொண்டே நிண்டவள். நான் பின்னால நிண்டு, அது நான் எண்டு சொல்ல வாய் உன்னினன். பற்றிஸை எடுத்து வாயுக்குள்ள அடைஞ்சன்.

அதையும் பொறுத்திருப்பன். நீ மைக்கைப் பிடிச்சு லூசிண்டா பார்லோவின்ர கதையைச் சொல்லத் துவங்கினாய் பார், அதுதான் பொறுக்கேல்லை. லூசிண்டா என்ர ஆள். எங்கட கோயில் யாத்திரை பஸ் அமெரிக்காவில பழுதாகி நிண்ட ரவுணில, வொஷ்றூம் தேடி ஒரு சின்ன மியூசியத்துக்குள்ள போய் நான் கண்டுபிடிச்ச மனுசி. வண்டிலுக்குப் பெயின்ற் அடிக்கிறவனின்ர மகள். பதினெட்டு வயசில குதிரை வண்டிலில வீடு வீடாப் போய்ச் செத்த பிள்ளையளை உயிரோட நிக்கிற மாதிரிக் கீறிக் குடுத்தவ. படத்தில ஒரு கால் சப்பாத்தைக் கழட்டிக் கீறினால் பிள்ளை உயிரோட இல்லை எண்டு அர்த்தம். பிறகு நியூயோர்க்குக்குப் போய், பொம்பிளையளை உள்ள விடாத பள்ளிக்கூடத்து வாசலில நிண்டு சண்டை பிடிச்சு, பதக்கம் எடுத்து, பேப்பரில பெயர் வந்து. எல்லாத்தையும் நான் வந்து உனக்குச் சொன்ன சொல்லிலயே சொன்னாய். நான் எங்க மூச்சு விட்டனோ அங்க மூச்சு விட்டாய்.

ஆனால் ஹன்னாவை விட்டிட்டாய். அந்த வண்டிலில பக்கத்தில இருந்து, லூசிண்டா முகம் கீற, உடுப்பும் கையும் கீறின ஹன்னாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஏன் எண்டு எனக்கு எழுது.

றோஸ்மேரி

*

றிச்மண்ட் ஹில்
16 ஏப்ரல் 2025

றோஸ்மேரிக்கு,

அன்புள்ள எண்டு எழுதத்தான் வந்தது. நீ அதையும் பிடிச்சுக் கதைப்பாய் எண்டு விட்டிட்டன்.

பெயர் பெயர் எண்டு குதிக்கிறாய். எங்கட படங்களில பெயர் போடாமல் விட்டது ஆர்? முதல் படம் முடிச்ச அண்டைக்கு நான் பெயர் எழுதக் கீறுற பிறஸை எடுக்க, அம்மா வந்து, செத்த ஆளின்ர படத்தில உயிரோட இருக்கிற ஆளின்ர பெயரை எழுதாதேங்கோ பிள்ளையள், அவை கையோட கூட்டிக்கொண்டு போயிடுவினம் எண்டு சொன்னவ. நான் சிரிச்சனான். நீதான் சிலுவை போட்டுக்கொண்டு, தவமணி அன்ரி சொல்லுறது சரி எண்டு பிறஸை என்ர கையில இருந்து பறிச்சனி. வேதக்காரிக்கு எங்கட சாத்திரத்தில இவ்வளவு பயமோ எண்டு அம்மாவே பகிடி பண்ணினவ. இப்ப கலரிக்காரன் ஓவியரின்ர பெயர் என்ன எண்டு கேட்டான். கேட்ட இடத்தில நிண்டது நான். நீ எங்க நிண்டனி? அண்டைக்குத் தலையிடி. அதுக்கு முதல் நாள் உங்கட றஜிதாவின்ர பிள்ளைக்கு வேதக் கோயிலில முதல் நன்மை. வீடு வீடாப் போய், முப்பத்தோராம் நாள் முடிஞ்சு சாமியறைக்குள்ள தொங்கின படங்களைக் கெஞ்சிக் கடன் வாங்கி, வான் வண்டியில ஏத்தி இறக்கினது நான். ஒரு வீட்டில படத்தைக் கழட்டினால் மனுசன் கனவில வாறார் எண்டு சொல்லி, கழட்டின இடத்தில விளக்குக் கொழுத்தி வைச்சுப்போட்டு வந்தனான்.

லூசிண்டா உன்ர ஆளோ? செத்து நூறு வருசத்துக்கு மேல ஆன மனுசி. தன்ர கதையை உனக்கு உறுதி எழுதித் தந்தவவோ? நீ சொன்னாய், நான் கேட்டன், எனக்குப் பிடிச்சது, சொன்னன். நீ எண்டைக்காவது மைக்கைப் பிடிச்சிருக்கிறாயோ? பத்துப் பேர் கூடினால் குசினிக்குள்ள ஓடுற ஆள்.

ஹன்னாவை ஏன் விட்டனெண்டு கேக்கிறாய். ஐஞ்சு நிமிசம்தான் தந்தவை. ஐஞ்சு நிமிசத்துக்குள்ள ஒரு ஆளின்ர கதைதான் சொல்லலாம்.

மே மாசத்துக்கு ரண்டு ஓடர் வந்திருக்கு. ஒண்டு ஸ்காபரோ, மற்றது ஏஜக்ஸ். வாறதெண்டால் வா. வராட்டில் நான் வேற ஆள் பாப்பன். அம்மா உன்னைக் கேட்டவ. அவவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, இருமல் விடுதில்லை.

நிரூபா

*

ஒஷாவா
25 ஏப்ரல் 2025

நிரூ,

மரியம்மா வந்து சொல்லிப்போட்டாள். எழுதி முத்திரை காயேல்லை, அதுக்குள்ள வேற ஆள் பாத்திட்டாய். பிரதீபாவாம். கொலிஜ்ஜில படிச்சவளாம். ஐபாட்டில கையைக் கீறிப் பாத்துப்போட்டு கன்வஸில ஏத்துறாளாம். என்ர ஸ்ரூலில இருக்கிறாளாம். அந்த ஸ்ரூலின்ர ஒரு கால் கட்டை எண்டு நான் மடிச்சு வைச்ச மட்டை இன்னும் கீழதான் இருக்கோ, இல்லை அதையும் எறிஞ்சு போட்டாளோ?

சிரிக்கிறாய் என்ன. சிரி. எனக்குப் பொறாமைதான். வடிவாச் சொல்லுறன், கேள். நீ பெயரை எடுத்தாய், அதுக்கு நான் கோவிச்சன். லூசிண்டாவை எடுத்தாய், அதுக்கு நித்திரை கொள்ளேல்லை. ஆனால் கையை இன்னொருத்தியிட்டக் குடுத்தாய் எண்டு மரியம்மா சொல்ல, எனக்கு உண்மையா நெஞ்சுக்குள்ள நொந்தது. வின்சன்ற் பயந்துபோய், ஆசுப்பத்திரிக்குப் போவமோ எண்டு கேட்டவர். இவருக்கு நான் என்னெண்டு சொல்லுறது, நிரூபா வேற ஒருத்தியோட கீறுறாள் எண்டோ?

அவள் சின்னப்பிள்ளை. அவளில எனக்கு ஒரு கோவமும் இல்லை. அவளின்ர கை விரலெல்லாம் வாழைக்காய் மாதிரி இருக்கும் எண்டு மட்டும் தெரியும்.

உனக்கு ஒண்டு ஞாபகப்படுத்துறன். ஹன்னா வண்டிலை விட்டுப் போனாப் பிறகு லூசிண்டா கீறின படங்களில கை இல்லை. நான் அப்பவே உனக்குச் சொன்னனான். பிள்ளையின்ர கை கம்பளிக்குள்ள. தாயின்ர கை சால்வைக்குக் கீழ. பாதிரியாரின்ர கை பைபிளுக்குப் பின்னால. பதக்கம் எடுத்த படத்தில கூடக் கையை இருட்டுக்குள்ள விட்டிட்டா. அங்க நிண்ட மியூசியக்காரி, அது அந்தக் காலத்து நாகரிகம் எண்டு விளக்கம் சொன்னவள். நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு மனசுக்குள்ள சிரிச்சனான்.

நீயும் நல்ல பெரிய சால்வையாப் பாத்து வாங்கி வை.

அன்ரிக்கு இருமலுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடு. நான் கேட்டதாச் சொல்லு. உன்னைக் கேட்டதாச் சொல்ல வேண்டாம்.

றோஸ்மேரி

*

றிச்மண்ட் ஹில்
9 மே 2025

றோஸ்,

போன கிழமை நான் போர்டர் கடந்து போனனான். இப்ப அமெரிக்காவுக்கு ஒருத்தரும் போறேல்லை எண்டு எங்கட சனமே சொல்லிக்கொண்டு திரியிற நேரத்தில, போர்டரில நிண்டவன் எதுக்குப் போறாய் எண்டு கேக்க, படம் பாக்க எண்டு சொன்னன். என்ன படம், எந்தத் தியேட்டர் எண்டான். உன்ர லூசிண்டாவால நான் பட்ட பாடு.

நீ சொன்னதெல்லாம் சரி. சப்பாத்துப் பிள்ளையள், சால்வை, பைபிள் எல்லாம் பாத்தன். ஆனால் நீ சொல்லாத ஒண்டையும் பாத்தன். கடைசி அறை.

அங்க ஹன்னாவின்ர படம் இருக்குது றோஸ். கிழவி ஹன்னா. லூசிண்டா ஊருக்குத் திரும்பி வந்து, கடைசிக் காலத்தில கீறினது. முகம் அப்பிடியே மூச்சு விடுது. கை ரண்டும் மடியில, மூடாமல், முழுசா. அவ்வளவு காலத்துக்குப் பிறகு லூசிண்டா கீறின முதல் கை. ரொட்டிக்குக் குழைச்ச மா மாதிரி ஊதிப்போய்க் கிடக்குது. விரல் எது, மணிக்கட்டு எது எண்டு தெரியேல்லை.

மியூசியக்காரி சொன்னவள், முந்தியும் கனடாவில இருந்து உங்களை மாதிரி ஒரு ஆள் வந்து இதுக்கு முன்னால கன நேரம் நிண்டவ எண்டு. நீதானே? எல்லாத்தையும் வந்து வாய் ஓயாமல் சொன்ன நீ, இதை மட்டும் ஏன் எனக்கு ஒளிச்சனி?

எனக்கு அந்தக் கையைப் பாத்து முதலில சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. எனக்கும் உப்பிடித்தான் வரும். பிரதீபாவை நான் விட்டிட்டன். அவள் கீறினது நல்ல கைதான். ஆனால் அது ஒருத்தரின்ர கையும் இல்லை. ஏஜக்ஸ்காரர் வந்து பாத்திட்டு, வடிவா இருக்கு, எவ்வளவு எண்டு கேட்டிச்சினம். ஒருத்தரும் அழேல்லை.

இப்ப நான் ஒண்டு எழுதுறன், அதை நீ மரியம்மாவுக்கு வாசிச்சுக் காட்டக் கூடாது. ‘முகங்கள்’ எண்டு பெயர் வைச்சது கலரிக்காரன் இல்லை. நான். ஏன் எண்டால் படத்தைத் துணி விலக்கிக் காட்டேக்க சனம் முகத்தைப் பாத்து, ஓம் அம்மாதான் எண்டு தலையாட்டும். பிறகு கண் கீழ இறங்கும். கையைக் கண்டாப் பிறகுதான் அழும். ஒவ்வொரு தரமும். நான் அடையாள அட்டையைப் பாத்துக் கொப்பி அடிக்கிறன், நீ ஒண்டும் இல்லாமல் ஒரு ஆளைக் கொண்டுவாறாய். இருபத்திரண்டு வருசம் நான் பக்கத்தில நிண்டு அதைப் பாத்து எரிஞ்சனான். ஒரு தரம், ஒரேயொரு தரமாவது, அவை முகத்தைப் பாக்கட்டும் எண்டு நினைச்சன்.

மன்னிப்புக் கேக்கிறன் எண்டு நினைக்காதை. நினைச்சதைத்தான் எழுதினன்.

நிரூ

*

ஒஷாவா
17 மே 2025

நிரூ,

ஓம், ஒளிச்சனான். எனக்கெண்டு ஒண்டு இருக்கட்டும் எண்டு விட்டனான். உனக்குச் சொன்னால் அதுவும் மைக்குக்குப் போயிருக்கும்.

ஆனால் நீ பாத்தது பிழை. லூசிண்டாவுக்குக் கை வராமல் இல்லை. பதக்கம் எடுத்தவளுக்கு ஒரு கை வராதோ? வேணுமெண்டு கெடுத்தவள். வாழ்நாள் முழுக்க ஹன்னாவின்ர கையைப் பாத்து எரிஞ்சவள், கடைசியில அவளின்ர கையையே மாவாக்கி மடியில வைச்சுவிட்டாள். அந்தப் படத்துக்கு முன்னால நிண்டு எனக்குச் சரியான கோவம். யாத்திரை போன மனுசி நான், மாதாவிட்ட ஒண்டும் கேக்கேல்லை, திரும்பி வருமட்டும் பஸ்ஸுக்குள்ள இருந்து லூசிண்டாவைத் திட்டிக்கொண்டு வந்தன்.

பிரதீபாவை விட்டதுக்கு நான் சந்தோசப்பட்டன் எண்டு எழுதமாட்டன். அண்டைக்கு இறால் வாங்கிச் சமைச்சனான், அவ்வளவுதான்.

‘முகங்கள்’ கதை வாசிச்சன். நீ எரிஞ்சாய் எண்டு வாசிக்க எனக்கு நல்லா இருந்தது. ரண்டு தரம் வாசிச்சன்.

இன்னும் புளொக்கிலதான் இருக்கிறாய்.

றோஸ்மேரி

*

றிச்மண்ட் ஹில்
5 யூன் 2025

றோஸ்,

அம்மாவின்ர செத்தவீட்டுக்கு வந்தனி, கண்டனான். பெட்டிக்குக் கிட்டப் போய்க் குனிஞ்சு நிண்டாய். திரும்பி என்னட்ட வருவாய் எண்டு நான் எழும்பி நிண்டனான். நீ கதவால போயிட்டாய். தம்பி ராகுலன் பின்னால ஓடி வந்தவன், கார் வெளிக்கிட்டிட்டுதாம்.

யூன் இருபத்தோராம் திகதி சனிக்கிழமை முப்பத்தொண்டு. மண்டபம் எடுத்தாச்சு. ஐயருக்குச் சொல்லியாச்சு. எத்தினையோ வீட்டுக்குப் படம் கீறின வீடு, எங்கட அம்மாவுக்குக் கடையில பிரிண்ட் எடுத்து வைக்கிறதோ எண்டு தம்பி கேட்டான். கீறத் துவங்கினன்.

முகம் முடிஞ்சுது. நல்லா வந்திருக்கு, நீ வந்து பாத்தால் குறை சொல்லமாட்டாய். பச்சைக் காஞ்சிபுரம், அதையும் நானே ஒரு மாதிரிச் சமாளிச்சன். மடியில ரண்டு வெள்ளை ஓட்டை கிடக்குது. மூண்டு தரம் கீறி மூண்டு தரம் வழிச்சாச்சு. மா, றோஸ். அதே மா. லூசிண்டா வேணுமெண்டு செய்யேல்லை. நீ என்ன சொன்னாலும் எனக்கு இப்ப தெரியும்.

சால்வை போட்டு மூடலாம். அம்மா குளிர் மனுசி, ஒருத்தரும் ஒண்டும் நினைக்காயினம். நேற்று சால்வையைக் கீறவும் துவங்கினன். ஏலாமல் இருக்கு.

வா எண்டு கேக்கிறன்.

நிரூ

*

ஒஷாவா
10 யூன் 2025

நிரூ,

பதினாலாம் திகதி சனிக்கிழமை காலமை வாறன். வின்சன்ற் கொண்டுவந்து விடுவார்.

நீ வீட்டில நிக்கக் கூடாது. ராகுலனும் கூடாது. கோயிலுக்குப் போங்கோ, எங்கயாவது போங்கோ. நீ பக்கத்தில நிண்டு மூச்சு விட்டால் எனக்குக் கை ஓடாது.

சால்வையை வழிச்சு வை. என்ர ஸ்ரூலைக் கழுவி வை. சும்மா துடைக்கிறதில்லை, கழுவ வேணும்.

பிரதீபாவோ வேற எவளோ, இனி அந்த பேஸ்மன்ற்றில கை கீறக் கூடாது. உனக்குச் சம்மதமெண்டால் கதவுத் திறப்பைப் பூச்சட்டிக்குக் கீழ வை. திறப்பு இல்லாட்டில் நான் வந்த காரிலயே திரும்பிப் போறன்.

றோஸ்மேரி

*

றிச்மண்ட் ஹில்
24 யூன் 2025

றோஸ்,

திறப்பு வைச்சனான், நீ வந்தனி, கீறினனி, நான் வர முதல் போயிட்டாய். ஒரு துண்டு கூட எழுதி வைக்கேல்லை. ஸ்ரூல் ஈரமா இருந்ததெண்டு கோவமோ?

அண்டைக்குத் துணியை நான் விலக்கிப் பாக்கேல்லை. பயம். மண்டபத்தில எல்லாரோடயும் சேர்ந்துதான் பாத்தன்.

மாலை போட முதல் ராகுலன் துணியை எடுத்தான். சனம் முகத்தைப் பாத்துது. தவமணியக்காதான் எண்டு ஆரோ சொல்லிச்சினம். பிறகு எல்லாற்ற கண்ணும் கீழ இறங்கினது. நான் எண்ணிக்கொண்டு நிண்ட மாதிரி, அப்பிடியே. ராகுலன் படத்தின்ர பிறேமைப் பிடிச்சுக்கொண்டு, அம்மான்ர கை, அக்கா, அச்சொட்டா அம்மான்ர கை எண்டு குழறி அழுதான். ஐயர் மந்திரத்தை நிப்பாட்டிப்போட்டார். நானும் அழுதன். அழுதுகொண்டே எரிஞ்சன். என்னைப் பெத்த தாயின்ர முகத்தை நான் கீற, அதை விட்டிட்டு என்ர தம்பி உன்ர கையைப் பிடிச்சு அழுகிறான். என்ன பிறவி நான் எண்டு நினைச்சன்.

ஒண்டு கேக்க வேணும். இடக்கையின்ர சின்னவிரல் மற்ற விரலோட சேராமல் கொஞ்சம் தள்ளி நிக்குது. அம்மாவுக்கு அப்பிடி இருந்ததோ எண்டு எனக்கே ஞாபகம் இல்லை. ராகுலன் ஓம் எண்டு சத்தியம் பண்ணுறான். நீ அதை எப்ப பாத்தனி? நான் மகள், நான் பாக்காததை நீ எப்பிடிப் பாத்தாய்?

கலரியில அட்டையை மாத்தச் சொன்னன். மாத்தியாச்சு. ஆறு படத்துக்கும் ரண்டு பெயர். உன்ர பெயர் என்ர பெயருக்குக் கீழதான் இருக்கு. மேல போட எனக்கு மனம் வரேல்லை.

நிரூ

*

ஒஷாவா
2 யூலை 2025

நிரூ,

ஞாயிற்றுக்கிழமை போய் அட்டையைப் பாத்தன். கீழதான் இருக்கு. எழுத்தும் ஒரு சொட்டுச் சின்னன். வின்சன்ற், ஒரே அளவு எண்டு சொன்னவர். அவருக்குக் கண்ணாடி மாத்த வேணும்.

சின்னவிரலைக் கேட்டாய்.

அன்ரியின்ர கையை நான் எங்க பாத்தன்? உன்ர வீட்டுக்கு வந்த காலம் முழுக்க அவ சுவெற்றர் கைக்குள்ள கையை விட்டுக்கொண்டுதான் இருந்தவ. வெயிலுக்கும் அதே சுவெற்றர். தேத்தண்ணி நீ தருவாய். செத்தவீட்டுக்கு வந்ததே கையைப் பாக்கத்தான். நீ எப்பிடியும் என்னைக் கேப்பாய் எண்டு எனக்குத் தெரியும். குனிஞ்சு பாத்தால் கையெல்லாம் பூ. விலக்கிப் பாக்க எனக்குத் துணிவு வரேல்லை, உன்ர முகத்தைப் பாக்கவும் வரேல்லை, அதுதான் ஓடினனான்.

அண்டைக்கு உன்ர வீட்டில தனிய அந்த ரண்டு வெள்ளை ஓட்டைக்கு முன்னால இருந்தன். ரெலிபோன் எடுத்துக் கேக்க ஒரு வீட்டுக்காரரும் இல்லை. கேக்க வேண்டிய வீட்டுக்காரி நீ, நீயோ புளொக்கில. மத்தியானம் வரைக்கும் ஒண்டும் வரேல்லை. சால்வைதான் எண்டு நினைச்சிட்டன். லூசிண்டாவை அவ்வளவு திட்டின நான், அவளை மாதிரியே இருந்தன்.

பிறகு யோசிச்சுப் பாத்தன், பாக்காமல் கீறக் கூடியதா எனக்கு எந்தக் கை தெரியும் எண்டு. வின்சன்ற்றின்ர கையும் இல்லை, என்ர பிள்ளையளின்ர கையும் இல்லை. ஒரேயொரு சோடிதான் வந்தது. இருபத்திரண்டு வருசமா ஒரே லைற்றுக்குக் கீழ, இவளுக்கு மட்டும் முகம் எப்பிடி வருது, இவளுக்கு மட்டும் எப்பிடி வருது எண்டு பக்கத்தில இருந்து எரிஞ்சு எரிஞ்சு பாத்த கை. வலக்கை பிறஸைப் பிடிக்க, இடக்கை படத்தின்ர கரையைப் பிடிச்சிருக்கும். சின்னவிரல் மட்டும் பெயின்ற் படாமல் தள்ளி நிக்கும். நீ அதை ஒருநாளும் கவனிச்சிருக்கமாட்டாய். கொஞ்சம் வயசைக் கூட்டினன், நரம்பை எழுப்பினன், காப்புப் போட்டன். அவ்வளவுதான் நான் செய்தது.

ராகுலன் பிழை பிடிக்கேல்லை. தாயின்ர கைதானே மகளுக்கு வரும்.

புளொக்கை எடுத்திட்டன். ஆனால் உடன ரெலிபோன் எடுக்காதை. இந்தக் கடுதாசியை எந்தக் கையில பிடிச்சிருக்கிறாய் எண்டு ஒருக்காப் பாத்திட்டு எடு.

றோஸ்